அத்தானுக்கு ஜன்னல் சீட்

பதினோரு வருஷமாக நான் விமானத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்ததில்லை. நடக்கும் வழியை ஒட்டிய சீட் கிடைக்காவிட்டால் கவுண்டரில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை அது கிடைக்கவில்லை என்று பயணத்தையே மறுநாளைக்குத் தள்ளினேன். முழங்கால் இடிக்கிறது என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். காரணம் முழங்கால் அல்ல. என் அக்காவின் புருஷன்.

அப்போது நானும் அத்தானும் மஸ்கட்டில் ஒரே கம்பெனியில் இருந்தோம். அவர் ஸ்டோருக்குப் பொறுப்பு, நான் வெல்டர். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதை நான் மறக்காதபடிக்கு வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் சாயந்தரம் திருநெல்வேலி பேட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள். அப்பா டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்ற மனுஷன், ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. அக்கா அழுகைக்கு நடுவில் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சுலே. நீ வந்து மொகத்தப் பாத்த பொறவுதான் எடுக்கணும். வந்துரு."

நான் ஒரே மகன். அத்தானே ஆபீஸில் பேசி இருவருக்கும் லீவு வாங்கினார், டிக்கெட் போட்டார். மறுநாள் விடிகாலையில் விமானத்துக்குள் ஏறியதும் என் தோளில் கைவைத்து உள்ளே அனுப்பினார்.

"நீ ஜன்னல்கிட்ட உக்காரு மாப்ளே. அழணும்னா வெளிய பாத்துக்கிட்டு அழு. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வழியோரத்தில் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் கொல்லத்துக்காரர் ஒருவர், பெரிய உடம்பு, ஏறியவுடன் தூங்கிப்போனார். கடலைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். சாப்பாடு வந்தபோது அத்தான் எட்டிப் பார்த்து, "உனக்கு வேண்டாம்லா?" என்று கேட்டுவிட்டு என் தட்டையும் வாங்கிச் சாப்பிட்டார்.

திருவனந்தபுரத்தில் விமானம் நிற்பதற்குள் எழுந்துவிட்டார். சித்தப்பா ஊரிலிருந்து கார் அனுப்பியிருந்தார். "நீ பைய வா, நான் போயி காரப் பிடிச்சு வைக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் எழுந்தேன். கொல்லத்துக்காரர் எழவில்லை. கூட்டம் இறங்கட்டும் என்று கையைக் காட்டினார். அப்பா இறந்துவிட்டார் என்று எனக்கு வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. தலைக்கு மேலிருந்த பெட்டி அறையில் தலை இடிக்க, கூனிக்கொண்டு நின்றேன். முழு விமானமும் என்னைத் தாண்டி இறங்கிப் போனது.

இமிக்ரேஷனில் வரிசையின் கடைசி ஆள் நான். பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் கிழிந்திருந்ததால், அத்தானுக்கும் தெரிந்த கிழிசல்தான், கொஞ்ச நேரம் தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். வெளியே ஓடிவந்து பார்த்தால் அத்தானும் இல்லை, காரும் இல்லை. பேர் எழுதிய அட்டையோடு நின்றிருந்த டிரைவர் ஒருவரிடம் கேட்டேன்.

"திருநெல்வேலி வண்டியா? ஒருத்தர ஏத்திட்டு அப்பவே போயாச்சே" என்றார்.

என் போன் இங்கே வேலை செய்யவில்லை. அந்த டிரைவரின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அத்தான் நம்பர் அணைந்திருந்தது. அப்புறம் பஸ்தான். நாகர்கோவிலில் இறங்கி அடுத்த பஸ். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்குநேரியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்ற ஒவ்வொரு நிமிஷமும், கார் எங்கே போயிருக்கும், பெட்ரோல் போடப் போயிருக்குமோ, என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே சுற்றுகிறதோ என்று அத்தானுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆட்டோவில் வந்து தெருமுனையில் இறங்கும்போது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். எடுத்தபிறகுதான் கழுவுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே ஓடி ஐஸ் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, உன்னப் பிடிச்சு வச்சிட்டாங்கன்னாரே! பாஸ்போட்டுல ஏதோ கோளாறு, நாளைக்குத்தான் விடுவாங்கன்னாரே!"

கருப்பந்துறை சுடுகாட்டுக்கு ஓடினேன். ஆற்றங்கரையில் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் விறகு சரிந்து நெருப்பு மேலே எழும்பிய நேரம். அத்தான் ஆற்றில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு படியேறி வந்தார். தலையை மழித்திருந்தார். என் தலையில் விழவேண்டிய கத்தி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாமே விளங்கியது.

"மருமகனும் மகன்தானே மாப்ளே" என்றார். "பொழுது சாயுததுக்குள்ள முடிக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. நான் என்ன செய்ய?"

சித்தப்பா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

காரியம் முடிந்து மஸ்கட் திரும்பியதும் வேறு கம்பெனிக்கு மாறினேன். அக்காவுக்காக அவரோடு பேச்சை முறிக்கவில்லை. பொங்கலுக்கு விசாரிப்பேன், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சமாதானமாகிவிட்டோம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு முறை விமானம் நின்றதும் முதல் ஆளாக எழுந்து வழியில் நிற்கும்போது நான் அவரைத்தான் நினைப்பேன். அவர் எனக்கு முன்னால் போக முடியாது என்று நினைப்பேன். அவர் அந்த விமானத்திலேயே இருக்கமாட்டார்.

சர்க்கரை முற்றி அவர் ஊருக்கு வந்துவிட்டார். பிறகு நானும் வந்து பேட்டையில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை போட்டேன். இந்த வருஷம் அவருடைய மகளுக்கு டெல்லியில் பிரசவம். அக்கா முன்னாலேயே போயிருந்தாள். பேர் வைக்கிற அன்றைக்கு அவரும் வரவேண்டும் என்று எனக்குப் போன் செய்தாள்.

"தனியா அனுப்பப் பயமா இருக்குலே. காலு வீங்கிக் கெடக்கு, நீர் மாத்திர வேற சாப்புடுதாரு. நீ கூட்டிட்டு வாயேன்."

டிக்கெட் போடும் பொறுப்பு என் கைக்கு வந்தது. போன் திரையில் சீட்டுகள் கட்டம் கட்டமாக விரிந்தன. ஒரு கட்டத்தைத் தொட்டேன், அத்தானுக்கு ஜன்னல். அதே வரிசையில் இன்னொன்றைத் தொட்டேன், எனக்கு வழியோரம். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னேன்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திருவனந்தபுரம் போகும் வழியில் காரை மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நானே கதவைத் திறந்துவிட்டேன். விமானத்துக்குள் சீட்டைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு பைய உள்ளே நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் வரவில்லை. முன் சீட்டுக்காரர் சாய்ந்துகொண்டார். நான் சாப்பாட்டுப் பலகையைத் திறந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டேன்.

தூங்கவில்லை. அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். "மாப்ளே, கொஞ்சம் எந்திரியும்" என்று அவர் கெஞ்ச வேண்டும், "பைய போலாம் அத்தான்" என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நாலு நாளாக வாய்க்குள் சொல்லிப் பழகியிருந்தேன். எழுந்திருக்க மாட்டேன் என்றில்லை. இரண்டாவது தடவை கேட்டதும் எழுந்திருப்பதாகத்தான் திட்டம். மூன்றாவதாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் போனது. அவர் அசைந்து உட்காரும் சத்தம் கேட்டது. பெல்ட்டைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மூச்சு பல்லுக்கு நடுவில் வந்தது. லேசாகக் கண் திறந்து பார்த்தேன். இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. கேளும், ஒரு வார்த்தை கேளும் என்று மனதுக்குள் கத்தினேன். பணிப்பெண் வந்து தண்ணீர் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

டெல்லியில் இறங்கப் போகிறோம், பெல்ட் போடுங்கள் என்று அறிவித்தபோது எனக்கு வாடை வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

விமானம் நின்றது. எழுந்தேன், என் பையை எடுத்தேன், நடந்தேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. பெட்டிகள் வரும் இடம்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனேன். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் விமானக் கம்பெனியின் போர்வை. குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு மகளும் மருமகனும் வாசலில் காத்திருந்தார்கள். மருமகன் குனிந்து, பயணம் எப்படி என்று கேட்டான்.

"மாப்ளே எனக்குன்னு பாத்து ஜன்னல் சீட்டு வாங்கித் தந்துட்டாரு" என்றார் அத்தான். "வேடிக்க பாத்துக்கிட்டே வந்தேன்."

மகள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கெஞ்சலும் எனக்குக் கிடைக்கவில்லை, இப்போது நல்ல பேரையும் என் தலையில் கட்டுகிறார்.

அக்காவை ஏமாற்ற முடியவில்லை. அன்று மத்தியானம் குளியலறையில் வாளியோடு உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"தெரிஞ்சேதான் அங்கன உக்கார வச்சியா?"

"ஆமா."

"அப்பாவுக்காகவா?"

"ஆமாக்கா."

அவள் அத்தானின் கால்சட்டையைப் பிழிந்தாள். "அன்னைக்கு நானும் எவ்வளவோ சொன்னேன், தம்பி வரட்டும் வரட்டும்னு. எம்பேச்ச ஒருத்தன் கேக்கல. நீயும் கேக்கல. ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டுருக்கியா, செய்யட்டுமான்னு?" என்றாள். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "அவருக்கு நீ செஞ்சத நான்லா தொவைக்கேன்" என்றாள்.

பேர் வைத்து முடிந்த மறுநாள் காலை. பால்கனியில் அத்தான் ஸ்வெட்டரும் தலைப்பாகையுமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"நீரு தூங்கலன்னு எனக்குத் தெரியும் வே" என்றார். "எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீருன்னும் தெரியும். அந்தப் பேச்சு மட்டும் எவ்வாயில இருந்து வராதுன்னு இருந்தேன்."

"அன்னைக்கு ஏன் விட்டுட்டுப் போனிய?" பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

அவர் கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா என்னைய ஒருநாளும் வா, உக்காருன்னு சொன்னதில்ல. பன்னெண்டு வருசம் அந்த வீட்டு மருமவன். வாசல்ல நின்னு பேசிட்டுப் போவேன். கார்ல ஏறி உக்காந்தேன், நீரு வரக் காணும். இன்னைக்கு ஒருநாளாவது அந்த வீட்ல நான் முன்னால நிக்கணும்னு தோணிச்சு. வண்டிய எடுன்னுட்டேன்."

அவ்வளவுதான். தப்பு என்றோ, மனசில் வைக்காதே என்றோ சொல்லவில்லை. அப்பா அவரை உட்காரச் சொல்லாதது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். அதற்காக என் அப்பாவின் முகத்தை நான் பார்க்காமல் போனது சரியாகிவிடாது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "சரியாவாதுதான்" என்றார்.

நான் மறுநாளே தனியாகக் கிளம்பிவிட்டேன். அவரை அக்கா ஒரு மாசம் கழித்து ரயிலில் கூட்டி வந்தாள். வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன், ஒன்றும் ஒளிக்கவில்லை. அவள் மாவு சலிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தான் மன்னிப்புக் கேட்டாவளா?"

"இல்ல."

"நீங்க கேட்டியளா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.