சின்னக்கானல் ஏறிய ராஜாளி

போன தை மாதம் மலையாளத்துச் சித்தூரிலிருந்து சின்னக்கானலுக்கு எங்கள் கம்பெனிக் காரை ஓட்டிப் போனேன். நூற்றைந்து மைல். வண்டி பிடித்தால் மூன்று வாங்குவதாகத் தேயிலைத் தோட்டத்தார் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது.

எங்கள் முதலாளி காதர் ராவுத்தர் கள்ளு லாரி கட்டிப் பேர் எடுத்தவர். உசத்தியான கார் செய்யும் பிரிவை என்னிடம் விட்டிருந்தார். காருக்கு ‘காதர் ராஜாளி’ என்று பெயர். மலையிலோ அதைக் கள்ளு லாரிக்காரன் கார் என்றே சொன்னார்கள். காதர் என்ற பெயரை எடுத்துவிட்டு ராஜாளியைத் தனிக் கம்பெனியாக்கலாம் என்று இரண்டு வருடமாக முதலாளியிடம் கெஞ்சினேன்.

“பெத்தவன் பேரில்லாம ஒரு புள்ளையா? மொதல்ல தள்ளாம மலை ஏறட்டும், பாக்கலாம்” என்றார்.

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். முதலாளி என் பக்கத்தில். பின்னால் பாரத்துக்கு ஐந்து மணல் மூட்டை. ஆறு மணிக்குக் கோபாலபுரம் சாவடி. அதற்கப்பால் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. போலீஸ்காரர் முகப்புத் தகட்டில் ‘காதர்’ என்பதைப் படித்தார்.

“கள்ளு லாரி காதருங்களா? எறங்குங்க, சீட்டைக் கழட்டோணும்.”

ஒன்றரை மணி நேரம் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார். ஐந்து வேளை தொழுகிற முதலாளி, கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காதவர், தன் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டினார்.

உடுமலையில் இட்லி, காப்பி ஆளுக்கு ஆறணா. சின்னாற்றுக்கு மேல் வளைவுக்கு வளைவு பஸ்காரர்கள் ஜனங்களை இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கும் இறங்கவில்லை. மூணாறு தாண்டிய கடைசி ஏற்றத்தையும் வண்டி ஒரே மூச்சில் ஏறியபோது நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

நாலு மணிக்குத் தோட்டம் சேர்ந்தோம். பெரிய கிளார்க் வண்டியைச் சுற்றி வந்தார்.

“ஏயப்பா, தள்ளாமலா ஏறிச்சு? எந்தக் கம்பெனி வண்டிய்யா இது?”

நான் வாயெடுப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “ராஜாளிக் கம்பெனிங்க.”

“காதர்னுல்ல போட்டிருக்கு?”

“அவரு லாரி கட்டறவருங்க. இது இந்தத் தம்பியோட கம்பெனி.”

மூன்று காருக்கும் அன்றே ஆர்டர் கிடைத்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீங்கள் போவதானால் சின்னாற்றிலேயே ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பளி இல்லாமல் போய் என்னைப் போல நடுங்காதீர்கள். பெட்ரோல் உடுமலையில் நிரப்பிவிடுவது நல்லது.

மறுநாள் காலை புறப்படும்போது முதலாளி ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். நானே கழற்றுகிறேன் என்று கை நீட்டினேன்.

“நீ தள்ளி நில்லு. நான் போட்ட பேரு, நாந்தான் கழட்டோணும்” என்று வண்டி முன்னால் குனிந்தார்.