ஒரு மில்லிமீட்டர் குறைந்த அட்டை

தொண்ணூறுகளில் எங்கள் சேகரிப்பாளர் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். குரோம்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ட்யூஷன் சென்டரில், இருபத்திரண்டு நாற்காலி. தபால்தலை, நாணயம், பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுபவன் நான். ஒரு பொருளில் வெட்டு, ஒட்டு, சாயம் என்று வெறும் சந்தேகம் இருந்தால்கூட, ஏலம் தொடங்குமுன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அது சங்கத்தின் வழக்கம்.

அந்த மாதம் வந்தவை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய முப்பத்தாறு கிரிக்கெட் அட்டைகள். ஸ்கேல் வைத்து அளந்தேன். முப்பத்தைந்து ஒரே அகலம். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் அட்டை மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைவு. மற்றவை பழுப்பேறியிருக்க, அதன் ஒரு ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்றிருந்தது. நைந்த ஓரத்தை யாரோ நறுக்கியிருக்க வேண்டும்.

மாடியேறிப் போய் அவரிடம் சொன்னேன்.

“வெட்டினதை நீங்க பார்த்தீங்களா சார்?”

“இல்ல சார். சந்தேகம்தான்.”

“அப்ப அதை உங்களோடயே வெச்சுக்குங்க. ஜூன்ல அக்ரிமென்ட் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?”

இருந்தது. பதினோரு வருடத்தில் நான்கு வீடு மாறியவன் நான். மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு.

ஞாயிறன்று முதல் வரிசையில் பம்மல் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். அவர் செட்டில் இல்லாதது அந்த ஒரே அட்டைதான். இரண்டு நாற்காலி தள்ளி வீட்டுக்காரர்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில். கண்ணாடியைத் துடைத்தேன், ஏலச் சீட்டுகளை மறுபடி எண்ணினேன். ஜன்னல் அதிரத் தொடங்கியதும், “ஓரம் நறுக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம்” என்று வாசித்தேன். ஒன்பது பெட்டிகளும் கடந்தன. வழக்கத்தையும் மீறவில்லை, வீடும் போகாது என்று நினைத்தேன்.

பம்மல்காரர் கையைத் தூக்கினார்.

“சார், ரயில் போய்கினு இருந்துச்சு. இன்னா சொன்னீங்கோ, காதுல வுழல.”

“சார் ரகசியம் சொன்னார்ப்பா” என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ரயிலுக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது.

மறுபடி சொன்னேன். பம்மல்காரர் கையை இறக்கிக்கொண்டார். அந்த அட்டையை யாரும் ஏலம் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் தினமும் இருபது நிமிடம் ஓடவிடும் தண்ணீர் மோட்டார், மறுநாள் காலை ஏழு நிமிடத்தில் நின்றது. குடங்களை எண்ணினேன். ஜூனுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.