மாடியில் ஓடிய கணக்கு லைன்

இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் மற்றதெல்லாம் தேறி, கணக்கு மட்டும் அரியர் விழுந்தது. எனக்குக் கணக்கு வராது என்றில்லை. வேகம்தான் வியாதி. முதல் வரியில் ஒரு மைனஸை விட்டுவிட்டு, அந்தத் தப்பையே கடைசி வரி வரை அழகாகப் போட்டு முடிப்பேன்.

அப்பா பெரிதாகத் திட்டவில்லை. "இன்னொரு தபா ஊத்திக்கிச்சுன்னா காலேஜும் வாணாம் ஒண்ணும் வாணாம். காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வல்லம் வடகால் ஃபேக்டரில லைன்ல நிக்க வெச்சிடுவேன்."

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன்கள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஒருவர், ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துச் செய்யும் வரிசையை மேய்க்கும் லைன் லீடர். மற்றவர் அதிகம் பேசாதவர், லீவே எடுக்காதவர். காலை ஷிப்ட் முடிந்து வந்த லைன் லீடர் என் விடைத்தாள் நகலைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, ஒரு கார ஒருத்தனேவா செய்யுதான்? நீ ஏன் ஒரு கணக்க ஒருத்தனே போடுத?"

மறுநாளே மாடியில் லைன் ஓடியது. மேட்ரிக்ஸ் கணக்கு: பெட்டிக்குள் ஒன்பது எண்கள். அதிலிருந்து சமன்பாடு எடுப்பது முதல் ஸ்டேஜ், லைன் லீடர். சமன்பாட்டைத் தீர்த்து ஐகன் வேல்யூ கண்டுபிடிப்பது இரண்டாவது, நான். அதை வைத்து ஐகன் வெக்டார் போடுவது மூன்றாவது, பேசாத அண்ணன். அவரவர் பங்கு முடிந்ததும் தாளை வலது பக்கம் இருப்பவருக்கு நகர்த்த வேண்டும். ஆரம்பிக்கும் முன் கம்பெனியில் போலவே மூவரும் வரிசையாக நின்று கையை நீட்டி மடக்கி, பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தோம். கணக்கில் என்ன விபத்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. தப்பான கணக்கை அம்மாவின் துணிக்கொடியில் சிவப்பு க்ளிப் போட்டுத் தொங்கவிட்டோம். யாராவது திணறினால் தட்டைத் தட்டி "லைன் ஸ்டாப்!" என்று கத்த வேண்டும்.

சத்தம் கேட்டு அப்பா ஏறி வந்தார். "இன்னாடா, மேல கம்பெனி கட்டிக்கினு கீறீங்களா?"

"அண்ணாச்சி, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. இது ஷாப் ஃப்ளோரு, வேல நடக்குத எடம்" என்றார் லைன் லீடர். அப்பா செருப்பைக் கழற்றினார்.

நடுவில் லைன் லீடர் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போக, முதல் ஸ்டேஜும் என் தலையில் விழுந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். பேசாத அண்ணன்தான் எங்கும் போகவில்லையே.

பரீட்சையில் அதே மேட்ரிக்ஸ் வந்தது. சமன்பாடு எடுத்தேன், தீர்த்தேன். ஒரு மைனஸ் கூடத் தவறவில்லை. பேனாவை மூடி, விடைத்தாளை வலது பக்கம் நகர்த்தினேன். பக்கத்துப் பையன் தன் தாளை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

மேற்பார்வை மேடம் ஓடி வந்தார். "யாருக்குப்பா காட்டுற?"

"காட்டல மேடம். என் வேலை முடிஞ்சிடுச்சு."

என்னை இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். வெக்டாருக்கு இடம் விட்டுவிட்டு மற்றக் கேள்விகளைப் பிடித்துத் தொங்கினேன்.

தட்டுத்தடுமாறி பாஸ். அப்பா மாடியை அண்ணாந்து பார்த்தார். "அப்போ மேல கீறவனுங்களும் பாஸா?"

பேசாத அண்ணன் மட்டும் முகம் வாடி நின்றார். "எம் ஸ்டேஜுக்கு என்ன மார்க்கு தம்பி?"

"அத போடவே இல்லண்ணே. தெரியல."

அவர் துணிக்கொடியில் மிஞ்சியிருந்த சிவப்பு க்ளிப்பைக் கழற்றினார். "நான் ஒருநா லீவு போட்டிருந்தா அதையும் படிச்சிருப்ப."

அடுத்த வாரம், பரீட்சையெல்லாம் முடிந்துபோன பிறகு, கம்பெனியில் முதல்முறையாக லீவு போட்டார். என்னை அவர் இடத்தில் உட்கார வைத்து வெக்டார் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு வெளியே அவர் கண் மட்டும் தெரிந்தது.

"நான் ஊருக்குப் போயிட்டேம்னு நெனச்சுக்கோ தம்பி. அந்த ரெண்டாவது வரியில மைனஸ பாரு."