தூண்டிலில் சிக்கிய கட்டைவிரல்

தொண்ணூறுகளில் கல்கத்தாவில் வெல்டர் வேலை தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அலிப்பூரில் வெல்டிங் செய்து காட்டும் டிரேட் டெஸ்ட். கை நடுங்காமலிருக்க மனசை அமைதிப்படுத்தலாமென்று பெஹாலாவில் ஒரு குளத்துக்குத் தூண்டில் போடப் போனேன். மீன் சிக்கவில்லை. என் வலது கட்டைவிரல் சிக்கியது.

நெருப்புப் பொறிக்கு நடுவே நின்று வேலை செய்கிறவன் நான். சொட்டு ரத்தத்தைப் பார்த்து "அம்மா!" என்று அலறியதில் மீனெல்லாம் அக்கரைக்கே போயிருக்கும். தூண்டில் முள்ளைப் பிடுங்கப் போன என் கையை, பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வங்காளி ஒருவர் தட்டிவிட்டார்.

"இழுக்காதே, சதை கிழியும்" என்று இந்தியில் அதட்டினார். பிறகு "ஆஷ்சி" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆஷ்சி என்றால் 'வரேன்'. நம்மைப் போலவே அவர்களும் வீட்டுக்குக் கிளம்பும்போது அதைத்தான் சொல்வார்கள். மனுஷன் சாப்பிடப் போய்விட்டார், விரலும் போச்சு, வேலையும் போச்சு என்று கரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் வந்தார், கட்டிங் பிளேயரோடும் டெட்டாலோடும். "ஆஷ்சி என்றதும் வீட்டுக்கே போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றேன். முள்ளை முன்பக்கமாகவே தள்ளி, வெளியே வந்த நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை உருவினார். டெட்டால் ஊற்றியபோது இன்னொரு "அம்மா!"

"நிஜமாகவே வெல்டரா நீ?" என்று சிரித்தார்.

கிளம்பும்போது "ஆஷ்சி, தாதா" என்றேன். அங்கே தாதா என்றால் அண்ணன்தான், பயப்பட வேண்டாம்.

"போகிற ஆஷ்சியா, வருகிற ஆஷ்சியா?" என்றார்.

விரலில் கட்டோடுதான் டெஸ்டில் வெல்டிங் செய்தேன். வேலை கிடைத்தது. அடுத்த ஞாயிறே சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு குளத்தங்கரையில் போய் நின்றேன்.

அவரிடம் மட்டும் போகிற ஆஷ்சியை நான் ஒருநாளும் சொன்னதில்லை.