மூன்றாவது கற்குவியல்

எர்மெலிந்தா அண்ணி புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. மலையேற வருகிறவர்கள் அவருடைய விடுதியில் விட்டுப்போன வழிகாட்டி நூல்கள் அடுப்படி அலமாரியில் குவிந்து கிடக்கும். அட்டை, படம் எதையும் பார்க்கமாட்டார். நேராகத் தூத்தாராகு சிகரத்தின் பக்கத்தைப் புரட்டுவார். ‘கற்குவியல்களைப் பார்த்துப் போகவும்’ என்று இருந்தால் புத்தகம் அடுப்புக்குள் போகும். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவருக்கு இரவல்.

“அந்தப் புத்தகத்துலதான் கிழங்கு நல்லா வேகுது தம்பி” என்பார். நான் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். எனக்கென்ன தெரியும், தலையாட்டுவேன்.

என் அண்ணன் செனோன் மலையேறிகளுக்குச் சுமை தூக்கப் போனவர். மூடுபனியில் பனி விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. விழுந்த இடத்தில் கல் குவிப்பது எங்கள் வழக்கம். ஆவிக்கு அதுதான் வீடு. குவியல் இல்லாத ஆவி பழைய வீட்டுக்கே வரும், வந்தால் தனியாகத் திரும்பாது, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பார்கள். அண்ணி தானே ஏறிப்போய் விளிம்பின் ஓரத்திலேயே குவித்துவிட்டு வந்தார்.

கல்லுக்கு வாய் கிடையாதே. புத்தகம் எழுதுகிறவர் ஒருவர் வந்தார், பார்த்தார், வழிக்குறி என்று எழுதிவிட்டார். அதை நம்பிப் போன ஒருவன் விழுந்தான். அவனுடைய தோழர்கள் எங்கள் வழக்கத்தைப் பார்த்து, சற்றுக் கீழே அவனுக்கும் ஒன்று குவித்தார்கள். பிறகு இன்னொருவன், அவனுக்கும் ஒன்று. இப்போது கீழிருந்து எண்ணினால் அண்ணனுடையது மூன்றாவது; மூன்றும் வரிசையாக நின்று, இப்படி வா என்று கூப்பிடும். புதுப் பதிப்பில் ‘மிகத் தெளிவான வழி’ என்றே போட்டுவிட்டார்கள்.

“பிரிச்சுப் போட்டுடலாம் அண்ணி” என்று எத்தனையோ முறை சொன்னேன்.

“உங்கண்ணன் எங்க போவாரு? உன் வீட்டுக்கா?” என்பார்.

இந்த வருடம் சந்தியாகோ நகரத்திலிருந்து ஹவியேரா என்ற பெண் தனியாக வந்தாள், கையில் அந்தப் புதுப் பதிப்போடு.

“அதை நம்பிப் போகாத பொண்ணே. அந்தக் கல்லெல்லாம் வழி இல்ல, சமாதி.”

“போன வருஷம்தான் சரிபார்த்துப் போட்டிருக்காங்கம்மா.”

“சரிபார்த்தவன் மேல ஏறினானா, கேட்டியா?”

ஹவியேரா சிரித்தாள். “நீங்க புத்தகத்தை எரிக்கிறவங்கன்னு கீழயே சொன்னாங்க. என்னோடதைத் தரமாட்டேன்.”

விடிந்தபோது அவள் படுக்கை காலி.

அண்ணி சூப்புப் பானையை அப்படியே விட்டு எழுந்தார். “கழுதைக்குச் சேணம் போடு தம்பி. இன்னைக்குப் பிரிச்சிடலாம்.”

“அண்ணனோடதையுமா?”

“அதை நீ பிரி. எனக்குக் கை வராது.”

வழி நெடுகக் களைப்பு தெரியாமலிருக்கக் கோக்கா இலையை மென்றுகொண்டே வந்தார்.

பனி தொடங்கும் இடத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து ஹவியேரா இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“மூணாவது குவியல் இல்லம்மா. ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவதைத் தேடிக்கிட்டு அப்படியே நின்னேன். மூட்டம் விலகுச்சு. என் காலுக்கு முன்னால தரையே இல்ல.”

அவளைக் கழுதையோடு உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஏறினோம். அண்ணனின் இடம் வெறுமையாக இருந்தது. சரிந்திருந்தால் காற்று என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓரத்தில் அடுக்கியிருந்தது, வீடு காலி செய்கிறவன் சாமானை எடுத்து வைப்பது போல. பனியில் அந்தப் பெண்ணின் தடம் மட்டும்தான். அதுவும் கற்களுக்குச் சில எட்டு தள்ளி, விளிம்பிலேயே நின்றுவிட்டது.

“முந்திக்கிட்டாரு” என்று சொல்லி அண்ணி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. மற்ற இரண்டையும் நாங்கள் பிரித்துப் போட்டோம். அவர்களுக்கு ஊர் ரொம்ப தூரம், பாவம்.

அன்றிலிருந்து விடுதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கிறது. நான் இருமிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்; சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால் அண்ணனுக்கு எப்போதுமே பிடிக்காது.

நேற்றுப் போனபோது, அண்ணியின் நல்ல சால்வை துவைத்து மடித்து வாசலருகே இருந்தது.

“எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?”

“மெதுவா பேசு தம்பி, இப்பதான் கண்ணசந்தாரு” என்று சிரித்தார்.

அண்ணன்மேல் எனக்குப் பயமில்லை. அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கிறது.