சிப்மெண்ட் போகாத சட்டை

கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்கு இருபத்தெட்டு. வெளியே டீக்கடையில் நிற்கும்போது அவர் என்னை அண்ணா என்பார். மண்டபத்துக்குள் கால் வைத்துவிட்டால் அவர் சார், நான் வெறும் லைட்டு. "லைட்டு, கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க" என்பார், நான் போவேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஏழு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போட்டோகிராபரிடம் சட்டதிட்டங்கள் நிறைய உண்டு. மேடையில் உட்காரக் கூடாது. வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனாலொழிய பந்திப் பக்கம் போகக் கூடாது. பாக்கு மெல்லக் கூடாது. ஷூ சத்தம் கேட்கக் கூடாது. கொங்குக் கல்யாணங்களில் சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரருக்குக் குறுக்கே போகவே கூடாது. அவர் ஒரு தடவை முறைத்தால் அப்புறம் மண்டபமே நம்மை முறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கருப்புச் சட்டை. வெள்ளை போட்டுக்கொண்டு விளக்குப் பக்கத்தில் நின்றால் வெளிச்சம் நம் மேல் பட்டு, மணப்பெண்ணின் கன்னத்தில் போய் விழும் என்பார். அது உண்மைதான்.

ஸ்டுடியோவில் கொடுத்த இரண்டு கருப்பு டிசர்ட்டும் ஆறு மாதத்தில் வெளுத்துவிட்டன. தோய்க்கத் தோய்க்க அவை என்ன நிறத்துக்குப் போயின என்று சாயப்பட்டறைக்காரனாலும் சொல்ல முடியாது. ஒரு நாள் போட்டோகிராபர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. மூட்டை தூக்க வந்தவராட்டம் இருக்கீங்க. செகண்ட் கேமரா வேணும்னு கேக்கறீங்க. கேமரா கையில குடுத்தா நீங்க கெஸ்ட்டுக கிட்டப் போய்ப் பேசணும், சிரிக்க வைக்கணும். அதுக்குத் தகுந்தாப்புல கொஞ்சம் புரொஃபஷனலா வாங்க."

செகண்ட் கேமரா என்பது ஒன்றும் பெரிய பதவி இல்லை. மேடையை அவர் எடுப்பார். கீழே கூட்டத்தில் சிரிப்பவர்கள், அழுபவர்கள், தூங்குபவர்கள், சண்டை போடுபவர்களை இன்னொருவன் எடுக்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்பதை அவனே முடிவு செய்யலாம். யாரும் லெஃப்ட்டு ரைட்டு சொல்ல மாட்டார்கள். இரண்டு வருடமாக எனக்கு அது வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

ஆனால் திருப்பூரில் கடைக்குப் போய் டிசர்ட் வாங்குகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லை சொந்தபந்தம் இல்லாதவனாக இருக்க வேண்டும். எனக்கு அக்கா இருந்தாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மண்ணரையில் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா பக்கத்திலேயே ஒரு யூனிட்டில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தாள். தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் இருந்தால் ஒதுக்குவதுதான் வேலை. ஒதுக்கியது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். சரக்கு கப்பல் ஏறும் வரைக்கும் ரிஜெக்ட்டும் வெளியே போகக் கூடாது. அப்புறம் என்ன ஆனாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் அவளிடம் ஒரு சட்டை கேட்டேன். "பதினோரு வருசத்துல ஒரு நூலு எடுத்ததில்ல, என்கிட்டப் போய்க் கேக்கியேல" என்றாள். நான் விடவில்லை. நச்சரிப்பில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. மூன்று வாரம் தின்னும்போதும் தூங்கும்போதும் அதே பேச்சு. கடைசியில் ஒரு நாள் டிபன் பைக்கு அடியில் மடித்துக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

காலர் வைத்த டிசர்ட். கருப்பு என்று சொல்ல முடியாது, கருப்புக்கு ஒரு படி கீழே, கரி அடுப்பின் உள்பக்கம் போல ஒரு நிறம். அக்குளுக்குக் கீழே ஊசி வெட்டு இருந்தது. அதை அவளே இழை தெரியாமல் அடைத்திருந்தாள். லேபிளைப் பிரித்து எடுத்திருந்தாள். காலருக்கு உள்ளே கழுத்தைச் சுற்றி ஆரஞ்சும் பச்சையுமாக அந்த ஆர்டருக்கென்றே வந்த ஒரு டேப் ஓடியது. அதை எடுத்தால் காலரே வந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

"சிப்மெண்ட் போக இன்னும் இருவது நாளு இருக்கு. அதுக்குப் பொறவு போட்டுக்க. அதுவரைக்கும் பீரோவ விட்டு எடுத்திராத, என்ன?"

சரி என்றேன். பத்தாவது நாள் போட்டுக்கொண்டேன்.

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் தோட்டமும் இருந்தது, அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் யூனிட்டும் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் சரியாக நின்றால் செகண்ட் கேமரா கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. திருப்பூரில் எத்தனையோ ஆயிரம் டிசர்ட் நடமாடுகிறது, என் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். காலையில் மண்டபத்தில் என்னைப் பார்த்த போட்டோகிராபர், "இப்பத்தாண்ணா ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கழிப்பறைக் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

இந்த ஊர்க் கல்யாணங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஆளை விசாரிப்பதற்கு முன்னால் துணியை விசாரிப்பார்கள். பேசிக்கொண்டே எதிராளியின் சட்டை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். "இருநூத்தி இருவது ஜிஎஸ்எம் இருக்குமுங்களா?" என்று துணியின் கனத்தைக் கேட்பார்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. ஏழு வருடம் தைத்தவன் நான். இதை மறந்துபோனதற்கு எனக்கு இன்றுவரை சாக்கு கிடைக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்து, மேடையில் பரிசு கொடுக்க வரிசை நின்றது. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பெண்ணின் அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கை தன்னால் என் சட்டை ஓரத்துக்கு வந்தது. தேய்த்தார். அப்புறம் இன்னொரு தடவை தேய்த்தார். என் காலரை விரலால் மெதுவாகத் திருப்பி உள்ளே பார்த்தார். ஆரஞ்சும் பச்சையும்.

"தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க" என்று மேடைக்குப் பின்னால் சீர்த் தட்டுகள் அடுக்கி வைத்திருந்த அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க தம்பி, இந்தச் சட்டை உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

கொங்குக்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' குறைவதில்லை. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் முகம் சிவந்திருந்தது.

"இந்த ஆர்டரு மூணு யூனிட்டுலதாங்க ஓடுது. அதுல ஒண்ணு என்னுது. ஒரு பீசு இன்னும் கப்பலேறலீங்க. சரக்கு வாங்கற பையரோட ஆபீஸ்காரரு பெங்களூர்ல இருந்து கல்யாணத்துக்கு வந்து, அதா, மாப்பிள்ளை பக்கத்துல போட்டோ எடுக்க வரிசையில நிக்கறாருங்க. அவரு கண்ணுல இது பட்டா என்ன ஆவறது? சொல்லுங்க, எங்கிருந்து வந்துச்சு?"

எனக்கு அக்காவின் முகம்தான் வந்தது. பெயரைச் சொன்னால் நாளைக் காலையில் அவளுக்கு வேலை போய்விடும், பதினோரு வருடம் வைத்திருந்த பெயரும் போய்விடும். அவளை எப்படியாவது இதில் இழுக்காமல் விட வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் யோசிக்கவில்லை.

"ரோட்டோரத்துல தள்ளுவண்டியில வாங்குனேங்க" என்றேன்.

"தள்ளுவண்டியிலயா? நெறையா வெச்சிருந்தாங்களா?"

"குமிச்சு வெச்சிருந்தாங்க." கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு விவரம் தானாக வரும்.

அவர் தட்டுகளுக்கு நடுவே குனிந்து தேடினார். பிறகு சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த புது வெள்ளைச் சட்டைகளில் ஒன்றை எடுத்துக் கவர் பிரித்து என்னிடம் நீட்டினார். "இதைப் போட்டுக்கங்க தம்பி. அதை இங்க குடுத்துருங்க." நான் அவர் முன்னாலேயே கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போனை எடுத்தபடியே வெளியே போனார். மகள் கல்யாணத்தன்று ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக மேடையை விட்டு விலகிப் போய் நான் பார்த்ததில்லை.

வெள்ளைச் சட்டையில் வந்து நின்ற என்னைப் பார்த்ததும் போட்டோகிராபர் தலையில் கை வைத்தார். விளக்குப் பக்கத்தில் என்னை நிறுத்த முடியாது. வேறு வழியில்லாமல் விளக்கை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, இரண்டாவது கேமராவை என் கழுத்தில் போட்டார். "கீழ போய் எடுங்கண்ணா, பாத்துக்கலாம்" என்றார். புதுச் சட்டையைப் பார்த்து எல்லோரும் என்னைச் சொந்தக்காரன் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, "கண்ணு, இன்னும் சாப்பிடலையா?" என்று கடிந்துகொண்டார். யாரும் கேமராவைப் பார்த்து விறைக்கவில்லை. படங்கள் நன்றாக வந்தன. அடுத்த கல்யாணத்திலிருந்து நான்தான் செகண்ட் கேமரா என்று போட்டோகிராபர் அன்றே சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் சட்டை விஷயத்தை அக்காவிடம் சொல்லாமல் விட்டேன். பீரோவில் இருப்பதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அக்கா வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவாமல் அப்படியே உட்கார்ந்தாள். மூன்று யூனிட்டிலும் கேட்டில் சோதனை என்றாள். எங்கேயோ தள்ளுவண்டியில் குவித்து விற்கிறார்களாம், கட்டுக் கட்டாகச் சரக்கு வெளியே போகிறதாம், ஆர்டர் கொடுத்த எக்ஸ்போர்ட்டர் கொதித்துப் போயிருக்கிறாராம். பை, டிபன் கேரியர், முந்தானை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்கள். அக்காவின் டேபிளில் பிசிறு நூல் வெட்டும் ஒடிசாப் பெண் ஒருத்தியின் பையில் அதே நிறத்தில் இரண்டு துண்டுத் துணி இருந்தது. கட்டிங்கில் மிஞ்சிய கழிவு. சூடான பாத்திரம் பிடிக்க எல்லோரும்தான் எடுத்துப் போவார்கள். யாராவது ஒருவரைப் பிடித்துக் காட்ட வேண்டிய நாளில் அவள் அகப்பட்டாள். இந்தியில் என்னென்னவோ சொல்லி அழுதிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் வேலையும் போய், கம்பெனி கொடுத்த தங்கும் அறையும் போய்விட்டது.

கேட்கக் கேட்க, அது நான் சொன்ன தள்ளுவண்டிதான் என்று தெரிந்தது. பதினோரு வருடம் வேலை செய்த ஒருத்தி ஓட்டை விழுந்த ஒரு ரிஜெக்ட் பீஸை எடுத்தாள் என்பது ஒரு விஷயம். தள்ளுவண்டியில் சரக்கு குவிந்து கிடக்கிறது என்பது வேறு விஷயம். முதலாவது அந்த ஒருத்தியோடு முடிந்துவிடும். இரண்டாவதற்கு யூனிட்டே ஆடிப்போகும். அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஒரு பீஸை ஒரு வண்டியாக ஆக்கியிருந்தேன். பனியன் கம்பெனி தெரியாதவன் என்றால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து பார்த்தாள், சாத்தினாள், சமைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மிஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பே அவள் சூப்பர்வைசரிடம் போய், அந்தப் பீஸை எடுத்தது நான்தான், வண்டியும் இல்லை ஒன்றும் இல்லை, தம்பி பொய் சொல்லிவிட்டான், அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர் முதலில் சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். "அக்கா, இதை வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஆளைப் புடிச்சாச்சுன்னு மேல சொல்லி, அவிங்களும் சமாதானமாயிட்டாங்க. ஒரு ரிஜெக்ட் பீசுக்கு உங்களை அனுப்பிட்டு டேபிளை யாரைங்க வெச்சு ஓட்டறது? போய் வேலையைப் பாருங்க." அந்தப் பெண் முந்தின நாளே ரயில் ஏறிவிட்டாளாம். அவள் போன் நம்பர் ஆபீஸில் இல்லை. மிஷின் ஓட ஆரம்பித்தபோது அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் இதைச் சொல்லி முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். சூப்பர்வைசர் பேசியதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துபோயிருந்தது. அவளும் என் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு நீ என் பேரச் சொல்லியிருந்தா என்னல ஆயிருக்கும்?"

"திட்டியிருப்பாங்க" என்றேன்.

"பொறவு?"

"வேற ஒண்ணும் ஆயிருக்காதுக்கா."

"அந்தப் பிள்ள எனக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா" என்றாள் அக்கா.