பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்டவர்கள்

செய்தி காலை ஐந்தே முக்காலுக்கு வந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரம். முந்தின நாள்தான் நான் புதுச்சேரி மருத்துவமனையிலிருந்து செஞ்சிக்குத் திரும்பியிருந்தேன். என் மனைவி ஜெயசுதாவுக்கு மாற்றுத் துணியும் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். குடம் பாதி நிரம்பியிருந்தபோது அவளுடைய தம்பி வளவன் போன் செய்தான்.

"மாமா, கெளம்பிட்டிங்களா?"

"இதோ, தண்ணி புடிச்சிட்டுக் கெளம்பறேன். அக்கா எழுந்துட்டாளா?"

"மெதுவா வாங்க மாமா. அவசரம் ஒண்ணும் இல்ல."

ஐந்து நாளாக அவன் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்பதுதான். அதனால் வேறு எதுவும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டெங்குக் காய்ச்சல். அவளுக்கு முப்பத்தாறு வயது.

ஜெயசுதா தொண்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தாள். படிப்பு முடிந்ததும் செஞ்சி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சில வருஷம் அங்கேதான் இருந்தாள். கணக்கில் கெட்டி. ஆனால் எதையும் வாய்விட்டுப் படிக்காமல் அவளால் இருக்க முடியாது. செய்தித்தாள், மருந்து டப்பா, பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. விசேஷம் உண்டா என்று யாராவது கேட்டால், "தேடிக்கிட்டு இருக்கேன். கெடச்சா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன் பஜாரில் உரக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அலுவலகம் வந்தது. நடத்துபவர் இளையபெருமாள். பெங்களூரில் ஒரு கம்பெனியிடமிருந்து வேலை வாங்கி, இங்கே ஆள் வைத்துச் செய்து கொடுப்பார். ஜெயசுதா அங்கே சேர்ந்தாள். என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள்.

தேடுபொறியில் ஒருவர் ஒன்றைக் கேட்கிறார். எழுதியும் கேட்கலாம், போனில் பேசியும் கேட்கலாம். அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான கேள்விகளைப் படித்து, இவர் விலை கேட்கிறார், இவர் வழி கேட்கிறார், இவருக்கு டாக்டர் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் பழகும். பிறகு புதிதாக யாராவது கேட்டால், பழகியதை வைத்து ஊகித்துப் பதில் காட்டும். கேட்டவரின் பேரோ ஊரோ வராது. எழுத்தாகவோ குரல்பதிவாகவோ கேள்வி மட்டும் வரும்.

"கொழந்தைக்கு சோறு ஊட்டுற மாதிரிதான்" என்றாள். "இன்னா ஊட்டறமோ அதுதான் ஒடம்புல ஒட்டும்."

அந்த மாடியில் ஒரு நீளப் பெஞ்சு. ஜெயசுதா, அவளுக்கு அடுத்து பிரீத்தி, அதற்கு அடுத்து தனசேகரன். பழக்கம் விடவில்லை, அவள் கேள்விகளையும் வாய்விட்டுப் படித்தாள். வெறுமனே படிக்கவில்லை, கேட்டவர் குரலிலேயே படிப்பாள். "கோட்டைக்கு மேல கொரங்கு போனப் புடுங்கிட்டா இன்னா பண்றது" என்று ஒரு நாள் வந்ததாம். அதைப் புலம்பிப் படித்துக் காட்டியபோது கீழே உரக்கடையிலிருந்து யாரோ, "கொரங்குக்குக் கால் பண்ணச் சொல்லுங்க!" என்று கத்தியிருக்கிறார்கள்.

வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே கேள்வி மூன்று பேருக்குப் போகும். ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேர் ஒன்றாகக் குறித்தால் அது நிற்கும். மூன்று பேரும் ஒன்றாகக் குறித்தால் சந்தேகமே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள், மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள். தனியாக மாறிக் குறித்தவருக்கு மதிப்பெண் குறையும், குறைந்துகொண்டே போனால் வேலை போகும். மூன்று பேரும் மூன்று ஊரில் இருப்பார்கள் என்று விதியைப் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும். இங்கே மூன்று பேரும் ஒரே பெஞ்சில். ஜெயசுதா படிப்பாள், "இது வழி கேக்குறது, இன்னா சொல்றீங்க?" என்பாள், தனசேகரன் "போடுக்கா" என்பான், மூன்று பேரும் அதையே குறிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் செய்வது தப்பு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மதிப்பெண் நன்றாக வந்தது. இளையபெருமாள் தீபாவளிக்குப் பெரிய ஸ்வீட் டப்பாவாகக் கொடுத்தார்.

இந்த வருஷம் உடல்நலக் கேள்விகளின் தொகுதி ஒன்று வந்தது. யாருக்காகக் கேட்கிறார், தனக்கா, பிறருக்கா? என்ன வேண்டும், வீட்டு வைத்தியமா, டாக்டரா? இந்த இரண்டையும் குறிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்படி இருக்கிறது, சிநேகிதிக்கு அப்படி இருக்கிறது, என்ன தடவலாம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "பிறருக்கு, வீட்டு வைத்தியம்" என்று ஜெயசுதா படித்தாள். பெஞ்சு குறித்தது.

தொகுதி முடிந்த வாரம் நாங்கள் சிங்கவரத்தில் என் அக்கா குஞ்சம்மாள் வீட்டுக்குப் போனோம். அக்கா வீடு ஊருக்குள் இல்லை, வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லையின் நடுவில் தனியாக இருக்கிறது. நான் வெளியே மாமாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜெயசுதா மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே அக்கா திரும்பி நின்று போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள்.

"பக்கத்து வூட்டுக்காரிக்கு மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க. வலி ஒண்ணும் இல்ல. வெளக்கெண்ண தடவிக்கினு கீறா. கரஞ்சிடுங்களா?"

போன் மஞ்சள் பற்று போடுவதைப் பற்றி ஏதோ படித்தது.

"அண்ணி, எந்தப் பக்கத்து வூடு?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"அதோ, அந்தாண்ட."

"அந்தாண்ட கெணறுதான் அண்ணி இருக்குது."

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நமக்குன்னு நம்ம வாயாலயே சொல்லிக்கினா அது நெலச்சிடும்டி. எங்க ஊட்ல யாரும் அப்டி சொல்ல மாட்டோம்."

"அது மெஷினு அண்ணி. அதுகிட்ட சொன்னா இன்னா?"

"மெஷின்னா காது இல்லியா? கேட்டுக்கினுதான பதில் சொல்லுது."

மறுநாளே ஜெயசுதா அவளை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். பரிசோதனை முடிந்து கட்டியை எடுத்தார்கள். இன்னும் சில மாசம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா பிழைத்துவிடுவாள் என்று தெரிந்த அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயசுதா சொன்னாள்: "அந்தத் தொகுதில இதே கேள்விங்க. இதே பக்கத்து வூட்டுக்காரி. ஒண்ணு ரெண்டு இல்ல. எல்லாத்துக்கும் வீட்டு வைத்தியம்னு போட்டோம். நான் படிச்சேன், அதுங்க போட்டுச்சுங்க."

"கம்பெனியில பாத்துத் திருத்திப்பாங்க" என்றேன்.

"யாரு பாப்பா? மூணுக்கு மூணு. அதத் தொடவே மாட்டாங்க. அப்டியே மெஷினுக்குப் போயிடும். வெளக்கெண்ண தடவுறவளுக்கு இன்னும் ரெண்டு எண்ணெயக் காட்டும்." பஸ் நாட்டார்மங்கலத்தில் நின்று கிளம்பியது. "இன்னும் போகல. அடுத்த மாசக் கடைசிலதான் தொகுதிய மூடுறாங்க. அதுக்குள்ள மாத்திடணும்."

அடுத்த நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட மாடிப்படி ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"திருத்தறதுக்கு வழி இருக்குதும்மா, நான் இல்லன்னு சொல்லல" என்றார் இளையபெருமாள். "ஒருத்தர் தப்பாப் போட்டா திருத்தலாம். மூணு பேரும் சேந்தாப்ல திருத்தினா கம்பெனிக்காரன் இன்னா கேப்பான்? எப்டிம்மா மூணு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே தப்பு வந்துச்சுன்னு கேப்பான். இன்னா பதில் சொல்லுவ?"

"நெசத்த சொல்லுவேன். நான் சத்தமா படிச்சேன், அவங்க காதுல உழுந்துச்சுன்னு."

"பெஞ்சு போட்டவன் நான். மொத்த வேலையும் போயிடும். இங்க பத்துப் பேரு சோறு துன்றான்."

தனசேகரன் குறுக்கே வந்தான். "அக்கா, கூகுள பாத்து வைத்தியம் பண்றவன் நம்மள பாத்தா பண்றான்? அது தலையெழுத்து."

"நம்மள பாத்துதான்டா பண்ணப் போறான். அதுக்குத்தான சம்பளம் வாங்குற?"

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நாங்கள் வண்டியை எடுக்கும்போது பிரீத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை, புருஷன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான், வேலை நிரந்தரமில்லை.

"அக்கா, ரெண்டு பேரு மாத்தினா போதும் இல்ல? மொதல்ல நீங்க உங்களது பண்ணுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா, நீங்க முடிச்சப்பறம் நான் என்னுத பண்றேன். சார்கிட்ட சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சத்தமாப் படிக்காதீங்கக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அன்று முதல் வீட்டில் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு கேள்வியையும் திறந்து, திருத்தி, ஏன் திருத்துகிறேன் என்று காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் கேள்வியின் வார்த்தையிலிருந்தோ குரலிலிருந்தோதான் வர வேண்டும், ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். ஒரே காரணத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டினாலும் தள்ளிவிடுவார்கள். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குரலையும் மறுபடி கேட்டாள். சில காரணங்களை எனக்குக் காட்டினாள். "அவளுக்கு என்று தொடங்கி, எரியுதுங்க என்று முடிக்கிறார்." "பக்கத்து வீட்டுப் பெண் விடிய விடியத் தூங்கவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும்?" "நண்பனுக்கு என்கிறார், ஆனால் பேச்சில் மூச்சு வாங்குகிறது."

"நெசமாவே பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்டவங்களும் இருப்பாங்களே?" என்றேன்.

"இருக்கட்டும். பக்கத்து வூட்டுக்காரிக்கு மட்டும் கட்டி வெளக்கெண்ணெயில கரஞ்சிடுமா?"

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அந்த நாட்களில் அவள் அதிகம் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிடுவாள். ஒரு குரல் மட்டும் அவளை விடவில்லை என்று சொன்னாள். சின்னப் பெண் குரல், கேள்வியைப் பாதியில் நிறுத்தி, யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது, போனை அணைத்துவிட்டது. அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. அவளுக்கும் "பிறருக்கு, வீட்டு வைத்தியம்" என்றுதான் போட்டிருந்தார்கள். அதை மாற்றுவது ஒன்றுதான் ஜெயசுதாவால் முடிந்தது. மாற்றினாள்.

காய்ச்சல் வந்தபோது அலைச்சல் என்று நினைத்தோம். மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் திட்டினால், "இன்னும் கொஞ்சந்தான்" என்பாள். உள்ளூர் மருத்துவமனையில் சேர்த்த அன்றே ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதாகப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவள் லேப்டாப்பைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. பிறகு, "பிரீத்தி போன் பண்ணாளா?" என்று கேட்டாள். பண்ணவில்லை என்றேன். "பண்ண மாட்டா. நான் முடிக்கணும்னு பாத்துக்கினு இருப்பா" என்றாள். என்னிடம் அவள் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

காரியத்தன்று குஞ்சம்மாள் அக்கா முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரையும் விட அதிகம் அழுதது அவள்தான். வந்தவர்களிடமெல்லாம், "எனக்கு மார்ல கட்டி. இவதான் கூட்டினு போனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு, எனக்கு என்று தன் வாயாலேயே சொன்னாள்.

நேற்று மத்தியானம் பிரீத்தி வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அக்கா ஐடிய லாக் பண்ணிட்டாங்கண்ணா. பாதிதான் ஆயிருக்குது."

"அந்தப் பாதி?"

"அதுக்கு நானும் மாத்தினா நின்னுடும். மீதிய ஒண்ணும் பண்ண முடியாது." குழந்தை அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது. கையை விடுவித்தாள். "அக்கா முடிக்கட்டும்னுதாண்ணா இருந்தேன். இப்ப நான் மட்டும் தனியா..."

நீ செய் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அவள் வேலையைப் பற்றி முடிவெடுக்க நான் யார் என்றும் இருந்தது. "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தொகுதியை மூடுகிறார்கள். இன்று சாயங்காலம்வரை, எனக்குத் தெரிந்து, ஜெயசுதா திருத்தி வைத்த கேள்விகளில் ஒன்றைக்கூட இரண்டாவது ஆள் திறக்கவில்லை.